கலப்பு ஈனி அணைவுச் சேர்மங்களும் தருமபுரியின் புளோரைடு சோதனையும்

கலப்பு ஈனி அணைவுச் சேர்மம் என்பது ஒரே உலோக அயனியுடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வகை ஈனிகள் ஒரே நேரத்தில் பிணைந்திருக்கும் சேர்மமாகும். தாமிரம், நிக்கல், கோபால்ட்டு, துத்தநாகம் போன்ற உலோகங்களைக் கொண்டு இவ்வகைச் சேர்மங்களைத் தயாரிப்பதும் அவற்றின் கட்டமைப்பை ஆராய்வதும் முதுநிலை வேதியியல் மாணவர்களின் ஆய்வேடுகளில் அடிக்கடி இடம்பெறும் தலைப்பாகும். இவற்றைத் தயாரிப்பது பெரும்பாலும் கடினமன்று. கிடைத்த பொருளில் இரு ஈனிகளும் ஒரே உலோக அயனியின் மீதுதான் உள்ளனவா, அல்லது இரு வேறு சேர்மங்கள் கலந்து கிடக்கின்றனவா என்பதை நிறுவுவதே கடினம். அந்த நிறுவல் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஈனிகளுக்கிடையே நடக்கும் இதே போட்டிதான் தருமபுரி மாவட்டத்தின் குடிநீரில் புளோரைடை அளக்கும் சோதனைகளுக்கும் அடிப்படையாக இருப்பதால், அதுவும் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அடிப்படைக் கருத்துகள்

அணைவுச் சேர்மத்தின் மையத்தில் ஓர் உலோக அயனி இருக்கும். அதைச் சுற்றியுள்ள மூலக்கூறுகளோ அயனிகளோ தம்மிடமுள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டையை உலோகத்துக்கு வழங்கி ஈதல் சகப்பிணைப்பை உருவாக்குகின்றன. இவ்வாறு எலக்ட்ரான் இரட்டையை வழங்குபவை ஈனிகள் எனப்படும். நீர், அம்மோனியா, குளோரைடு, புளோரைடு ஆகியவை ஓர் அணுவின் வழியாக மட்டும் பிணையும் ஒருமுனை ஈனிகள். எத்திலீன் டை அமீன், பினாந்த்ரோலின், கிளைசினேட்டு போன்றவை இரண்டு அணுக்களின் வழியாக உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இருமுனை ஈனிகள். நண்டு தன் கொடுக்கால் கவ்வுவது போல இவை உலோகத்தைக் கவ்வுவதால் கொடுக்கிணைப்பு ஈனிகள் என்றும் அழைக்கப்படுகின்றன.

உலோகத்துடன் நேரடியாகப் பிணைந்துள்ள அணுக்களின் எண்ணிக்கை அணைவு எண் ஆகும். அணைவு எண் 6 எனில் எண்முகி வடிவமும், 5 எனில் சதுரப் பிரமிடு அல்லது முக்கோண இருபிரமிடு வடிவமும், 4 எனில் நான்முகி அல்லது சதுரத் தள வடிவமும் பொதுவாகக் காணப்படும்.

கலப்பு ஈனி அமைப்பு அரிதான ஒன்றன்று. போர்டோ கலவை தயாரிக்க விவசாயிகள் வாங்கும் மயில்துத்தமே இதற்கு எடுத்துக்காட்டு. அதன் படிகத்தில் ஒவ்வொரு தாமிர அயனியையும் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு தளத்தில் அமைந்துள்ளன. அத்தளத்துக்கு மேலும் கீழும் சல்பேட்டு அயனிகளின் ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. ஐந்தாவது நீர் மூலக்கூறு உலோகத்துடன் பிணையாமல் ஹைட்ரசன் பிணைப்பால் படிகத்துக்குள் நிற்கிறது. படிகத்தைச் சூடாக்கினால் நீர் வெளியேறி நீல நிறம் மறைந்து வெண்மையாகிறது. உலோகம் மாறவில்லை, அதைச் சூழ்ந்த ஈனிகள் மாறியதால் நிறம் மாறியது.

தருமபுரியின் நீரும் இரு நிறச் சோதனைகளும்

தருமபுரி மாவட்டம் கடினப் பாறைப் பகுதியில் அமைந்துள்ளது. பயோட்டைட்டு, ஹார்ன்பிளெண்டு, அப்பட்டைட்டு போன்ற கனிமங்களில் புளோரைடு அயனி சிறிதளவு இடம்பெற்றிருக்கும். பாறை விரிசல்களில் நெடுங்காலம் தங்கும் நீர், கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட்டு மிகுதியாகவும் கொண்டதாக இருந்தால், இக்கனிமங்களிலிருந்து புளோரைடு எளிதில் கரைந்து வருகிறது. மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அளவு மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடை மேல் வரம்பாக வைத்துள்ளது. இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. இதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தைகளின் நிலைப்பற்களில் வெண்மையும் பழுப்புமான கறைகள் தோன்றுகின்றன. அளவு மேலும் கூடி, பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. ஏற்பட்ட பாதிப்பை மருந்தால் மீட்க இயலாது, தடுப்பதே வழி. நீரைக் கொதிக்க வைப்பதாலும் பயனில்லை. நீர் ஆவியாக, புளோரைடின் செறிவு கூடவே செய்யும்.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியுடன் நிறைவேறிய இத்திட்டம் 2013 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் வந்த பிறகும் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்ற கேள்வி எழும் இடங்களில் சோதனை தேவைப்படுகிறது. புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை; நாக்குக்கும் தெரியாது. எனவே அதை நிறமாக மாற்றிக் காட்டும் வேதிவினை வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில் புளோரைடு ஒரு சாயத்தை வெளியேற்றுகிறது. சிர்கோனியம் ஓர் இடைநிலை உலோகம். அது எஸ்.பி.ஏ.டி.என்.எஸ். எனப்படும் சாயத்துடன் அமிலக் கரைசலில் சிவப்பு நிற அணைவை உருவாக்குகிறது. புளோரைடு உள்ள நீரைச் சேர்த்தால், சிர்கோனியத்தை மிக வலுவாகப் பற்றும் புளோரைடு அயனிகள் சாயத்தை விலக்கிவிட்டு நிறமற்ற சிர்கோனியம் புளோரைடு அணைவை உருவாக்குகின்றன. சிவப்பு எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு புளோரைடு உள்ளது என்று பொருள். ஆய்வகங்களில் இந்த வெளிறல் 570 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறமாலைமானியால் அளக்கப்படுகிறது. களப் பரிசோதனைப் பெட்டிகளில் பயன்படும் சிர்கோனியம்–சைலினால் ஆரஞ்சு கரைசலும் இதே முறையில் செயல்படுகிறது. அதில் இளஞ்சிவப்பு படிப்படியாக மஞ்சளாக மாறும். நிற அட்டையுடன் ஒப்பிட்டு அளவு அறியப்படும்.

இரண்டாம் வழியில் புளோரைடு யாரையும் வெளியேற்றாமல் சாயத்தின் அருகிலேயே அமர்கிறது. 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பெல்ச்சர், லியோனார்டு, வெஸ்ட் ஆகியோர் இதைக் கண்டறிந்தனர். அலிசரின் காம்ப்ளெக்சோன் என்னும் சாயம் சீரியம்(3+) அல்லது லாந்தனம்(3+) அயனியுடன் சிவப்பு நிற அணைவைத் தருகிறது. சாயம் உலோகத்தின் எல்லா இடங்களையும் நிரப்புவதில்லை. எஞ்சிய இடங்களில் நீர் மூலக்கூறுகள் உள்ளன. புளோரைடு வந்து அந்த நீரின் இடத்தைப் பிடிக்கிறது. சாயமும் புளோரைடும் ஒன்றாக உள்ள இந்தக் கலப்பு ஈனி அணைவு நீல நிறமுடையது. இருந்த நிறம் வெளிறுவதற்கு மாறாக இங்கே புதிய நிறம் தோன்றுகிறது. புளோரைடுக்கு இத்தகைய நேர்முக நிற வினை அதற்கு முன் இருந்ததில்லை.

வெளியேற்றம், கூடி அமர்தல் ஆகிய இவ்விரு நிகழ்வுகளையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த இயலாது. இரண்டிலும் நிறம் மாறுகிறது. எது நடந்தது என்பதைக் கட்டமைப்பு ஆய்வே சொல்ல முடியும்.

வெர்னரின் அடித்தளம்

ஈனிகள் உலோகத்தைச் சுற்றி வெளியில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்ற கேள்விக்கு 1893இல் விடை முன்வைத்தவர் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஆல்பிரட் வெர்னர். அவர் பயன்படுத்திய சான்றுகளில் முக்கியமானவை கலப்பு ஈனி அணைவுகளே. கோபால்ட்டு(3+) அயனியுடன் இரண்டு எத்திலீன் டை அமீனும் இரண்டு குளோரைடும் கொண்ட சேர்மம் பச்சை, ஊதா என இரு நிறங்களில் கிடைக்கிறது. இரண்டின் தனிம விகிதமும் ஒன்றே. குளோரைடுகள் எதிரெதிரே அமைந்தால் பச்சை. அருகருகே அமைந்தால் ஊதா. முன்னது டிரான்ஸ் மாற்றியம், பின்னது சிஸ் மாற்றியம். ஒரே வகை ஈனி மட்டும் இருந்தால் இத்தகைய வேறுபாட்டுக்கே இடமில்லை. 1911இல் வெர்னர் குழு கலப்பு ஈனி கோபால்ட்டு அணைவு ஒன்றை அதன் இரு கண்ணாடி பிம்ப வடிவங்களாகப் பிரித்துக் காட்டியது. எண்முகி வடிவத்துக்கு அது வலுவான சான்றாயிற்று. வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வெர்னர் கோபால்ட்டு(3+) அணைவுகளில் வெற்றி பெற்றதற்கு அவற்றின் ஓர் இயல்பு உதவியது. அவற்றில் ஈனிகள் மிக மெதுவாகவே இடம் மாறும். எனவே சிஸ் வடிவம் கரைசலிலும் சிஸ் ஆகவே நிற்கும். இத்தகையவை மந்த அணைவுகள் எனப்படும். தாமிரம்(2+) அணைவுகளில் நிலைமை வேறு. அங்கு ஈனிகள் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மாறிக்கொண்டே இருக்கும். இவை விரைமாற்ற அணைவுகள். இந்த வேறுபாட்டை எலக்ட்ரான் அமைப்பின் அடிப்படையில் 1952இல் விளக்கியவர் ஹென்றி டவுப். கலப்பு ஈனிச் சேர்மத்தை ஆராயும்போது உலோகம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இதன் காரணம் பின்னர் தெளிவாகும்.

கலப்பு அணைவு ஏன் உருவாகிறது?

ஓர் உலோகம் இரண்டு இருமுனை ஈனிகளை ஏற்கும் எனக் கொள்வோம். முதல் ஈனி, இரண்டாம் ஈனி இரண்டையும் சம அளவில் சேர்த்து, உலோகத்துக்கு எந்த விருப்பமும் இல்லை என்றால், இரு நாணயங்களைச் சுண்டுவது போன்ற நிலைமை ஏற்படும். கால் பங்கு உலோக அயனிகள் முதல் ஈனியை மட்டும் இரண்டு கொண்டிருக்கும். கால் பங்கு இரண்டாம் ஈனியை மட்டும் இரண்டு கொண்டிருக்கும். மீதி அரைப் பங்கு இரண்டிலும் ஒவ்வொன்று கொண்டிருக்கும். அதாவது எந்தச் சிறப்பு ஈர்ப்பும் இல்லாமலே கலப்பு அணைவு பாதியளவு உருவாகும்.

பாதி மட்டும் உருவானால் பொருள் தூய்மையாக இராது. கலப்பு அணைவுக்குக் கூடுதல் சாதகம் தேவை. பைபிரிடின், பினாந்த்ரோலின் போன்ற ஈனிகள் தாமிரத்துக்கு எலக்ட்ரான் இரட்டையை வழங்குவதோடு, அதனிடமிருந்து சிறிதளவு எலக்ட்ரான் அடர்த்தியைத் தம் வெற்று ஆர்பிட்டால்களில் திரும்பப் பெறவும் வல்லவை. இதனால் தாமிரம் ஆக்சிசன் வழியாகப் பிணையும் எதிர்மின் ஈனியை மேலும் விரும்பி ஏற்கிறது. சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் சீகல் இத்தகைய அணைவுகளின் நிலைப்புத்தன்மை மாறிலிகளை விரிவாக அளந்து இப்போக்கை விளக்கினார். மின்சுமையும் பருமனும்கூடப் பங்காற்றுகின்றன. பருமனான ஓர் ஈனியின் அருகில் அதே போன்ற இன்னொன்று நெருக்கடியால் அமர முடியாதபோது, சிறிய ஈனி அவ்விடத்தைப் பெறுகிறது.

தொகுப்பு முறை: ஓர் எடுத்துக்காட்டு

தாமிரம்(2+), பினாந்த்ரோலின், கிளைசினேட்டு ஆகியவற்றைக் கொண்ட அணைவு நன்கு ஆராயப்பட்ட ஒன்று. ஒரு தாமிரம், ஒரு பினாந்த்ரோலின், ஒரு கிளைசினேட்டு, ஒரு நீர் மூலக்கூறு, வெளியே மின்சுமையைச் சமன்செய்ய ஒரு நைட்ரேட்டு என்ற இயைபை எடுத்துக்கொள்வோம். இதன் மோலார் நிறை 397.8 கிராம்.

1 மில்லிமோல் அளவுக்குத் தேவையானவை: தாமிர நைட்ரேட்டு மூன்றுநீரேறி 241.6 மில்லிகிராம், பினாந்த்ரோலின் ஒருநீரேறி 198.2 மில்லிகிராம், கிளைசின் 75.1 மில்லிகிராம், அதற்குச் சமமான மோல் அளவில் சோடியம் ஹைட்ராக்சைடு.

1. தாமிர நைட்ரேட்டை நீரில் கரைத்து, எத்தனாலில் கரைத்த பினாந்த்ரோலினைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். விரைவாகக் கொட்டினால் ஓரிடத்தில் பினாந்த்ரோலின் மிகுந்து, இரு பினாந்த்ரோலின் கொண்ட அணைவு உருவாகிவிடும்.

2. கிளைசினைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கிக் கிளைசினேட்டாக மாற்றிச் சேர்க்க வேண்டும். நடுநிலையாக்காத கிளைசினில் நைட்ரசன் அணு புரோட்டானைச் சுமந்திருப்பதால் தாமிரத்தைப் பற்ற இயலாது. காரம் மிகுந்தாலும் தாமிர ஹைட்ராக்சைடோ, ஹைட்ராக்சைடு பாலம் கொண்ட இரு உலோக அணைவோ உருவாகும்.

3. கலவையை மிதமாகச் சூடாக்கிக் கலக்கி, வடிகட்டி, வடிநீரைத் தூசு படாமல் மெல்ல ஆவியாகவிட்டால் நீலப் படிகங்கள் கிடைக்கும்.

4. படிகங்களைக் குளிர்ந்த எத்தனால்–நீர் கலவையால் சிறிதளவு கழுவி உலர்த்த வேண்டும். உடன்விளைபொருளான சோடியம் நைட்ரேட்டு படிகங்களோடு ஒட்டியிருந்தால் பின்வரும் அளவீடுகள் எல்லாம் பிழைபடும்.

280 மில்லிகிராம் பொருள் கிடைத்தால் விளைச்சல் ஏறத்தாழ 70 சதவீதம் என்று கணக்கிடலாம். பினாந்த்ரோலின் நச்சுத்தன்மை கொண்டது. கையுறையின்றிக் கையாளக் கூடாது.

கட்டமைப்பு ஆய்வு: ஒரு மூலக்கூறா, இரண்டின் கலவையா?

நீலப் படிகம் கிடைத்துவிட்டது. இனி அதன் அமைப்பை நிறுவ வேண்டும். ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்விக்கு விடை தரும். எல்லாக் கேள்விக்கும் விடை தரும் கருவி இல்லை.

தனிமப் பகுப்பாய்வு. மேற்கண்ட இயைபுக்குக் கார்பன் 42.3, ஹைட்ரசன் 3.5, நைட்ரசன் 14.1, தாமிரம் 16.0 சதவீதம் இருக்க வேண்டும். அளவீடு இதனுடன் ஒத்துவந்தால் மாணவர் மகிழ்வது இயல்பு. ஆனால் மாற்று வாய்ப்பு ஒன்றையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இரு பினாந்த்ரோலின் கொண்ட தாமிர நைட்ரேட்டு அணைவு ஒரு பங்கு, இரு கிளைசினேட்டு கொண்ட தாமிர அணைவு ஒரு பங்கு, அதே அளவு நீருடன் கலந்திருப்பதாகக் கொள்வோம். மொத்தத்தில் இரண்டு தாமிரம், இரண்டு பினாந்த்ரோலின், இரண்டு கிளைசினேட்டு, இரண்டு நைட்ரேட்டு. இது கலப்பு அணைவின் இரு மடங்கேயாகும். சதவீதங்கள் இம்மியளவும் மாறாது. தனிமப் பகுப்பாய்வு எவ்வளவு துல்லியமாக அமைந்தாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

மோலார் கடத்துத்திறன். கரைசலில் எத்தனை அயனிகள் உள்ளன என்பதை இது காட்டும். டைமெத்தில் பார்மமைடு கரைப்பானில் இரு அயனிகளாகப் பிரியும் சேர்மங்களுக்கு 65 முதல் 90 வரையும், மூன்று அயனிகளாகப் பிரிபவற்றுக்கு 130 முதல் 170 வரையும் மதிப்புகள் அமையும் (அலகு: சீமன்ஸ் சதுர சென்டிமீட்டர் / மோல்). நமது சேர்மம் முதல் வகையில் வர வேண்டும். ஆனால் மேற்கண்ட கலவையிலும் ஒரு தாமிரத்துக்குச் சராசரியாக ஒரு நைட்ரேட்டே உள்ளது. ஆகவே இதன் விடையும் உறுதியானதன்று. நைட்ரேட்டு உலோகத்துடன் பிணையாமல் வெளியே உள்ளது என்பதற்கு மட்டும் இது துணைச் சான்று.

அகச்சிவப்பு நிறமாலை. ஈனிகள் உலோகத்துடன் பிணைந்துள்ளனவா, எந்த அணுவின் வழியாகப் பிணைந்துள்ளன என்பதை இது தெரிவிக்கும். தனித்த பினாந்த்ரோலினில் சென்டிமீட்டருக்கு 738 அலை எண்ணில் தோன்றும் கார்பன்–ஹைட்ரசன் வளைவு அதிர்வு, பிணைந்தபின் ஏறத்தாழ 720க்கு இறங்கும். கிளைசினேட்டின் கார்பாக்சிலேட்டுத் தொகுதியில் சமச்சீரற்ற, சமச்சீர் நீட்சி அதிர்வுகளுக்கு இடையிலான வேறுபாடு 200க்கு மேல் இருந்தால், அது ஓர் ஆக்சிசன் வழியாக மட்டும் பிணைந்துள்ளது எனக் கருதப்படும். 1384 அருகில் கூர்மையான பட்டை தனித்த நைட்ரேட்டைக் குறிக்கும். இவை அனைத்தும் இரு ஈனிகளும் தாமிரத்துடன் பிணைந்துள்ளன என்று காட்டும். ஒரே தாமிரத்துடனா என்பதை இந்த நிறமாலையும் சொல்லாது.

காந்தத் திருப்புத்திறன். தாமிரம்(2+) அயனியில் இணையாத எலக்ட்ரான் ஒன்று உள்ளது. கணக்கிட்ட மதிப்பு 1.73 போர் மேக்னட்டான், அளவீட்டில் 1.8 முதல் 2.2 வரை கிடைப்பது வழக்கம். மதிப்பு மிகவும் குறைந்தால் இரு தாமிரங்கள் பாலத்தால் இணைந்து ஒன்றின் காந்தத்தன்மையை மற்றொன்று குறைக்கிறது என ஐயுற வேண்டும்.

வெப்ப எடையறி பகுப்பாய்வு. நீர் மூலக்கூறு வெளியேறும்போது 4.5 சதவீத நிறை குறைய வேண்டும். படிக நீர் ஏறத்தாழ 100 பாகை செல்சியசு வரையிலும், உலோகத்துடன் பிணைந்த நீர் பெரும்பாலும் அதற்கு மேலும் வெளியேறும். இறுதியில் எஞ்சும் தாமிர ஆக்சைடு 20 சதவீதம் இருக்க வேண்டும். சோடியம் நைட்ரேட்டு மாசு இருந்தால் இங்கே வெளிப்பட்டுவிடும்.

நிறை நிறமாலை. ஒரு தாமிரம், ஒரு பினாந்த்ரோலின், ஒரு கிளைசினேட்டு சேர்ந்த அயனிக்கு நிறை எண் 317, 319 ஆகிய இடங்களில் இரட்டைச் சிகரங்கள் தோன்ற வேண்டும். இயற்கைத் தாமிரத்தில் 63 நிறை கொண்ட ஐசோடோப்பு 69 சதவீதமும், 65 நிறை கொண்டது 31 சதவீதமும் இருப்பதால் சிகரங்களின் உயரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் அமையும். கலப்பு அணைவுக்கு இது நேரடிச் சான்று போலத் தோன்றும். ஆனால் தாமிரம்(2+) விரைமாற்ற வகை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரு தனி அணைவுகளின் கலவையைக் கரைத்தாலும், கரைசலில் ஈனிகள் இடம் மாறி இதே அயனி உருவாகிவிடும். கரைசல் சொல்வது கரைசலைப் பற்றியே; குடுவையில் இருந்த திண்மத்தைப் பற்றியன்று.

ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. திண்மத்தில் ஒவ்வோர் அணுவும் எங்கே உள்ளது என்பதைக் காட்டுவது இது. இவ்வகை அணைவுகளில் பினாந்த்ரோலினின் இரு நைட்ரசன்களும், கிளைசினேட்டின் ஒரு நைட்ரசனும் ஓர் ஆக்சிசனும் தாமிரத்தைச் சுற்றி ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் சதுரமாக அமைகின்றன. நீர் மூலக்கூறு சற்றுத் தள்ளி, பிரமிடின் உச்சியில் நிற்கிறது. உச்சிப் பிணைப்பு நீள்வது தாமிரம்(2+) அயனியின் எலக்ட்ரான் அமைப்பால் விளையும் ஜான்–டெல்லர் விளைவாகும். ஒரே தாமிரத்தின் மீது இரு ஈனிகளும் இருப்பதைக் கண்டபின் முதன்மைக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

தூள் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. ஆய்வுக்கு எடுத்தது ஒரே ஒரு படிகம். குடுவையில் எஞ்சியவையும் அதே சேர்மம்தானா? ஒற்றைப் படிகத் தரவிலிருந்து கணக்கிட்ட தூள் வரைபடத்தையும், மொத்தப் பொருளில் அளந்த தூள் வரைபடத்தையும் ஒப்பிட்டு இதை அறியலாம். கூடுதல் சிகரங்கள் இருந்தால் வேறு பொருளும் கலந்துள்ளது.

கல்லூரிகளில் இக்கருவிகள் எல்லாம் இருப்பதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி நிறுவன மாணவர்களின் மாதிரிகளையும் கட்டணம் பெற்று ஆய்ந்து தருகிறது. நல்ல படிகம் கிடைக்காத நிலையில், எந்தச் சான்று கையில் உள்ளதோ அதற்கேற்ற முடிவை மட்டும் எழுதுவதே முறை. அகச்சிவப்பு நிறமாலையையும் தனிமப் பகுப்பாய்வையும் மட்டும் கொண்டு கட்டமைப்புப் படம் வரைந்தால், அது நிறுவப்பட்ட அமைப்பன்று, முன்மொழியப்பட்ட அமைப்பு.

மீண்டும் குடிநீருக்கு

இந்த எச்சரிக்கை ஆய்வேட்டோடு முடிவதன்று. புளோரைடு சோதனையில் உலோகத்தின் அருகில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைத் தவறாகக் கணித்தால், குடிக்கக் கூடாத நீர் குடிக்கத்தக்கது என்று முடிவாகிவிடும்.

புளோரைடு நீக்க இந்தியாவில் அறிமுகமான நல்கொண்டா முறையில் நீருடன் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்க்கப்படுகின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படியும்போது புளோரைடையும் உடன் பிடித்துக்கொள்கிறது. முறை சரியாகக் கையாளப்படாவிட்டால் சிறிதளவு அலுமினியம் நீரிலேயே கரைந்து நிற்கும். அந்த அலுமினியமும் புளோரைடும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கரையும் அணைவுகளாக இருக்கும்.

இந்த நீரைச் சிர்கோனியம் சாயத்தால் சோதித்தால், அலுமினியத்தின் பிடியிலுள்ள புளோரைடு சிர்கோனியத்திடம் முழுமையாக வராது. சிவப்பு குறைவாகவே வெளிறும். உண்மையில் உள்ளதைவிடக் குறைந்த அளவைச் சோதனை காட்டும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பாஸ்பேட்டு மிகுந்த நீரில் பாஸ்பேட்டும் சிர்கோனியத்தைப் பற்றிச் சாயத்தை விலக்குவதால், இல்லாத புளோரைடு இருப்பதாகத் தோன்றும். சாயத்தை வெளியேற்றியது புளோரைடா, பாஸ்பேட்டா என்று நிறம் சொல்லாது.

இதற்கான தீர்வும் ஈனிப் போட்டியில்தான் உள்ளது. புளோரைடு அயனி மின்வாயால் அளக்கும் முறையில், நீருடன் ஒரு தாங்கல் கரைசல் சேர்க்கப்படுகிறது. அதில் சி.டி.டி.ஏ. என்னும் பலமுனைக் கொடுக்கிணைப்பு ஈனி உள்ளது. அது அலுமினியத்தை ஆறு முனைகளால் கவ்விக்கொள்ள, புளோரைடு விடுபடுகிறது. விடுபட்ட புளோரைடை லாந்தனம் புளோரைடு படிகம் பொருத்திய மின்வாய் அளக்கிறது. 1966இல் அமெரிக்காவில் பிராண்ட், ராஸ் ஆகியோர் உருவாக்கிய இம்மின்வாய் இன்று பரவலாகப் பயன்படுகிறது. நிறம் வெளிறும் முறையில் அளப்பவர்கள், ஐயம் எழும் மாதிரிகளை முதலில் காய்ச்சி வடித்து, குறுக்கிடும் அயனிகளைப் பிரித்துவிட்டு அளப்பது வழக்கம்.

அலிசரின் காம்ப்ளெக்சோன் முறையின் நீல அணைவும் எளிதில் விளக்கம் பெறவில்லை. உலோகம், சாயம், புளோரைடு மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உள்ளன என்று முதலில் முடிவு செய்யப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட உலோக அயனிகள் கொண்ட அமைப்புகளையும் பிற்கால ஆய்வுகள் முன்வைத்தன. சோதனை நன்றாக வேலை செய்வதும், அதன் கட்டமைப்பு முழுமையாக அறியப்படுவதும் வேறு வேறு.

பிற எடுத்துக்காட்டுகள்

நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஒரு கலப்பு ஈனி மையம். போர்பைரின் வளையத்தின் நான்கு நைட்ரசன்களும் ஹிஸ்டிடின் நைட்ரசன் ஒன்றும் பிணைந்திருக்க, ஆறாம் இடத்தில் ஆக்சிசன் வந்து அமர்கிறது. கார்பன் மோனாக்சைடு அவ்விடத்தை அதைவிட வலுவாகப் பிடிப்பதே மூடிய அறையில் கரி எரிக்கும்போது நேரும் இறப்புகளுக்குக் காரணம்.

புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின், பிளாட்டினத்தின் மீது இரு அம்மோனியாவும் இரு குளோரைடும் கொண்ட சதுரத் தள அணைவு. அமெரிக்காவில் 1978இல் இம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே இயைபுடைய டிரான்ஸ் மாற்றியத்துக்கு அந்த மருத்துவப் பயன் இல்லை. மெக்சிகோ தன்னாட்சித் தேசியப் பல்கலைக்கழகத்தில் லேனா ரூயிஸ்-அசுவாரா உருவாக்கிய காசியோபீனா வகைச் சேர்மங்களில், நமது எடுத்துக்காட்டைப் போலவே தாமிரத்துடன் பினாந்த்ரோலின் அல்லது பைபிரிடின் வகை ஈனியும், கிளைசினேட்டு போன்ற இன்னோர் ஈனியும் உள்ளன. சாயம் உணர்வூட்டிய சூரிய மின்கலங்களில் பயன்படும் ருத்தேனியச் சாயம் ஒன்றில் கார்பாக்சிலிக் அமிலம் இணைந்த இரு பைபிரிடின்களும் இரு தயோசயனேட்டுகளும் உள்ளன. அமிலத் தொகுதி டைட்டானியம் டையாக்சைடில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. தயோசயனேட்டு ஒளி உட்கவரும் எல்லையைச் சிவப்புப் பக்கம் விரிக்கிறது. ஒரே வகை ஈனி இரு பணிகளையும் செய்ய இயலாததால் இங்கு கலப்பு ஈனி தேவைப்படுகிறது.

தொகுப்புரை

கலப்பு ஈனி அணைவுகள் உருவாவதற்கு வாய்ப்பு விகிதமே பாதி காரணம். ஈனிகளின் எலக்ட்ரான் பண்பும் மின்சுமையும் பருமனும் மீதி. தனிமப் பகுப்பாய்வு இயைபையும், கடத்துத்திறன் அயனிகளையும், அகச்சிவப்பு பிணையும் அணுக்களையும், காந்த அளவீடு எலக்ட்ரான் நிலையையும், ஒற்றைப் படிக ஆய்வு இடங்களையும், தூள் வரைபடம் மொத்தப் பொருளின் தூய்மையையும் காட்டுகின்றன. இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று முழு அமைப்பையும் மொத்தப் பொருளையும் நிறுவாது. தருமபுரியில் ஒரு கிணற்று நீரின் புளோரைடை அளப்பவருக்கும், கல்லூரி ஆய்வகத்தில் நீலப் படிகத்தை வடிகட்டும் மாணவருக்கும் கேள்வி ஒன்றுதான்: உலோகத்தின் அருகில் இப்போது உண்மையில் இருப்பது எந்த ஈனி? நிறம் மாறியதைக் குறித்துக்கொண்டபின், மாற்றியது எது என்பதையும் தனியே சோதித்து அறிய வேண்டும்.